கேரியரா, தள்ளுவண்டியா, காரா: குளிரில் பச்சிளம் குழந்தையோடு வெளியே போக எது நல்லது?

எங்கள் மூத்தவள் பிறந்தது நல்ல குளிர்காலத்தில். பன்னிரண்டாம் நாள் எடை பார்க்க அவளை வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர், தள்ளுவண்டி, கார் சீட் மூன்றுமே வீட்டில் இருந்தன. எதில் போனால் அவளுக்குக் குளிராது என்று நானும் மனைவியும் முந்தைய இரவு வெகுநேரம் பேசினோம். கடைசியில் இருப்பதிலேயே பருமனான ஜாக்கெட்டை மாட்டி, கார் சீட்டில் வைத்து, பெல்ட்டைப் பூட்டிக் கொண்டுபோனோம். அதில் இரண்டு தவறுகள் இருந்தன. இளையவன் பிறப்பதற்குள் அவற்றைப் புரிந்துகொண்டேன். இதே கேள்வியோடு இன்று உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்காக மூன்றையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் குழந்தையின் உடம்பைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தோல் என்று கணக்குப் போட்டால், பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வரும். சூடு வெளியேறும் வாசல் பெரிது, சூட்டை உண்டாக்கும் அடுப்பு சிறிது. அதிலும் தலை மட்டுமே மொத்தப் பரப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. குளிர்ந்தால் நாம் வெடவெடவென்று நடுங்குகிறோமே, அந்த நடுக்கத்தில்தான் நம் தசைகள் சூட்டை உண்டாக்குகின்றன. பச்சிளம் குழந்தைக்கு அது சரியாக வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும், கழுத்திலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூட்டைத் தக்கவைக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், 2.5 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் அந்தக் கையிருப்பும் குறைவு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பச்சிளம் குழந்தையின் இயல்பான உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை. ஒரே ஒரு டிகிரி அகலமுள்ள பாதை அது.

அதனால் மூன்று வழிகளிலும் நான் கேட்கும் முதல் கேள்வி, சூடு எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

மார்போடு கட்டிக்கொள்வது

மூன்றில் இது ஒன்றுதான் குழந்தைக்குச் சூட்டைக் கொடுக்கிறது. மற்ற இரண்டிலும் போர்வையும் ஜாக்கெட்டும் குழந்தை தானாக உண்டாக்கும் சூட்டைப் பிடித்து வைக்கின்றன, அவ்வளவுதான். அம்மாவின் அல்லது அப்பாவின் மார்பு 37 டிகிரிக்கு அருகிலேயே நிற்கும் ஓர் அடுப்பு. 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோல் சேரக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகம் முழுவதும் பின்பற்றப்படுவது அதுதான். தெருவில் நடக்கும்போது தோலோடு தோல் சேராது என்றாலும் வேலை செய்வது அதே உடல்சூடுதான்.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. கேரியரின் துணியே ஓர் அடுக்கு உடைக்குச் சமம், நம் உடம்பு இன்னொன்று. அதற்கு மேல் குழந்தைக்குத் தடித்த ஜாக்கெட்டும் போட்டால் உள்ளே வியர்த்துவிடும். குழந்தைக்கு வீட்டு உடையும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் போட்டு, கேரியரில் வைத்து, இருவரையும் சேர்த்து நம் ஜாக்கெட்டால் மூடுவதே நல்லது. ஜிப்பைக் குழந்தையின் முகத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. கேரியரில் உட்காரும்போது பேன்ட் மேலேறிக் கணுக்கால் வெளியே தெரியும். அங்கே நீளமான கம்பளிச் சாக்ஸ் வேண்டும். அப்புறம் குல்லா.

கழுத்து நிற்காத குழந்தைக்குக் குளிரைவிட முக்கியம் மூச்சு. தாடை மார்பில் மடங்கி அழுந்தினால் மூச்சுக்குழல் அடைபடும். தாடைக்குக் கீழே ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும், முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சந்தலையில் முத்தமிடும் உயரத்தில் குழந்தை இருக்க வேண்டும். எத்தனை கிலோவிலிருந்து பயன்படுத்தலாம் என்று கேரியரிலேயே எழுதியிருக்கும், அதையும் பாருங்கள்.

இதன் பெரிய குறை, நாம் வழுக்கி விழுந்தால் குழந்தையும் சேர்ந்து விழும். தரையில் பனி உறைந்து கிடக்கும் நாளில் நான் கேரியரைத் தொடுவதில்லை.

தள்ளுவண்டி

அப்படிப்பட்ட நாளில் வண்டிதான் கை கொடுக்கும். நீண்ட நேர நடைக்கும் இதுவே வசதி, ஆனால் பச்சிளம் குழந்தைக்கு முழுவதும் தட்டையாகப் படுக்க வைக்கும் வண்டியாக இருக்க வேண்டும்.

மேலே இரண்டு போர்வை போர்த்திவிட்டு அடியை மறந்துவிடுகிறோம். வண்டியின் அடியில் குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மெல்லிய மெத்தை வழியாக முதுகின் சூடு கீழே இறங்கிவிடும். மெத்தைக்கு அடியில் ஒரு கம்பளியை விரித்து, ஓரங்களைச் சுருக்கமில்லாமல் செருகிவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். தளர்வாக எதுவும் முகத்தருகே இருக்கக் கூடாது.

காற்றுக்குப் பயந்து வண்டியின் வாயை முழுக்கப் போர்வையால் மூடுபவர்கள் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் ஆபத்து. உள்ளே காற்றோட்டம் நின்று, சூடு ஏறி, குழந்தையின் முகமும் தெரியாமல் போகும். வண்டியின் மடக்குக் கூரையைக் காற்று வரும் பக்கம் திருப்பினாலே போதும். மழைக்கான பிளாஸ்டிக் உறையைக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் எடுத்துவிட வேண்டும்.

கேரியரில் குழந்தை சூடாக இருப்பதும் குளிர்வதும் நம் மார்புக்கே தெரியும். வண்டியில் அது தெரியாது. ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, கையுறையைக் கழற்றிச் சூடான விரலால் பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையும் காலும் சில்லென்று இருப்பது, கொஞ்சம் நீலம் பாய்ந்திருப்பதுகூடப் பிறந்த குழந்தைகளிடம் சகஜம். அதை வைத்து எடை போடாதீர்கள். பிடரியும் மார்பும் கதகதப்பாக, வியர்வையின்றி இருந்தால் சரி.

கார்

கதவை மூடி ஹீட்டரைப் போட்டால் குளிரே இல்லை என்பதால் காரைப் பத்திரமானதாக நினைத்தோம். எங்கள் முதல் தவறு அங்கேதான். பஞ்சு அடைத்த ஜாக்கெட்டுக்கு மேல் பெல்ட் போட்டால் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். மோதலின் வேகத்தில் பஞ்சுக்குள் இருக்கும் காற்று நசுங்கி வெளியேற, பெல்ட்டுக்கும் குழந்தைக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். குழந்தை அதிலிருந்து நழுவி வெளியே போகக்கூடும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஜாக்கெட்டோடு உட்காரவைத்து பெல்ட்டை இறுக்குங்கள், தளர்த்தாமல் குழந்தையை வெளியே எடுத்து ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டுங்கள். தோளருகே பெல்ட்டை விரல்களால் கிள்ளி மடிக்க முடிந்தால் அது தளர்வு. நான் செய்து பார்த்தபோது அடிவயிறு கலங்கியது.

மெல்லிய உடைகள், அதற்கு மேல் பெல்ட், அதற்கும் மேல் மார்பு வரை போர்வை என்பதே சரியான வரிசை. கார் சூடானதும் போர்வையை விலக்கிவிடலாம். குழந்தையை ஏற்றும் முன்பே காரைச் சூடாக்குங்கள், ஆனால் மூடிய கராஜுக்குள் என்ஜினை ஓட விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு சேரும். போய்ச் சேர்ந்த பிறகு, தூங்குகிறதே என்று சீட்டிலேயே விட்டுவைக்கவும் கூடாது. அரைச் சாய்வில் தலை முன்னே சரிந்து மூச்சை நெரிக்கலாம்.

உடையைப் பொறுத்தவரை ஒரே தடித்த ஜாக்கெட்டுக்கும் மெல்லிய அடுக்குகளுக்கும் இடையில் எனக்குத் தயக்கமே இல்லை, அடுக்குகள்தான். நமக்கு எத்தனை அடுக்கு வேண்டுமோ அதைவிட ஒன்று கூடுதல் என்ற கணக்கு வண்டிக்கும் காருக்கும் பொருந்தும்; கேரியருக்கு அந்தக் கூடுதல் தேவையில்லை. பருத்தி நனைந்தால் சூட்டை விட்டுவிடும், கம்பளி ஈரத்திலும் ஓரளவு தாங்கும். கிளம்பும் முன் டயப்பரை மாற்றிவிடுங்கள், குளித்த தலை நன்றாகக் காய்ந்திருக்கட்டும்.

வெளியே போகாமலே இருந்துவிடலாமே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். குளிர் மட்டுமே சளியைக் கொண்டுவருவதில்லை, கொண்டுவருபவை வைரஸ்கள். அவை அதிகம் பரவுவது சன்னல் மூடிய, ஆட்கள் நெருங்கி நிற்கும் அறைகளில். ஆளில்லாத தெருவில் பத்துப் பதினைந்து நிமிடக் குளிரைவிட, கதகதப்பான ஒரு விருந்துக் கூடத்தில் பத்துப் பேர் கைமாற்றித் தூக்குவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஆனால் காற்று வீசும் நாளில் பெரியவர்கள் சொல்வதே சரி. 0 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது -6 போல இருக்கும். அன்று அவசரமில்லாத எந்த வேலையும் நாளைக்குப் போகலாம்.

ஓர் அறிகுறியை மட்டும் மனதில் வையுங்கள். குளிர்ந்துபோன குழந்தை எப்போதும் அழாது. சில சமயம் அமைதியாகி, துவண்டு, பால் குடிக்க மறுக்கும். தோல் ஆரோக்கியமாகச் சிவந்தே இருக்கும், தொட்டால் மட்டும் சில்லிடும். அப்படிக் கண்டால் உடனே தோலோடு தோல் அணைத்து, போர்த்தி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரியைத் தொட்டாலும் காத்திருக்கக் கூடாது.

எங்கள் இரண்டாவது தவறு போய்ச் சேர்ந்த பிறகு நடந்தது. சூடான அறையில் அரைமணி நேரம் காத்திருந்தோம். தூக்கம் கலையக் கூடாதென்று ஜாக்கெட்டையோ குல்லாவையோ கழற்றவில்லை. எடை பார்க்க அவிழ்த்தபோது அவள் பிடரி முழுக்க ஈரம். அதிகச் சூடு திடீர்ச் சிசு மரணத்தின் அபாயத்தைக் கூட்டும் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. இளையவனை அதே பன்னிரண்டாம் நாள் கேரியரில், என் ஜாக்கெட்டுக்குள் வைத்து நடந்தே கொண்டுபோனேன். வாசலைத் தாண்டியதும் குல்லாவைக் கழற்றினேன். விழித்து வீறிட்டு அழுதான். அழட்டும் என்று ஸ்வெட்டரையும் கழற்றினேன்.