ஆறிவரும் எக்ஸிமாவுக்கு எது நல்லது: தேங்காய் எண்ணெயா, வாசலினா?

அரிப்பு தணிந்து, கசிவு நின்று, சிவப்பு மங்கி, தோல் உலர்ந்து லேசாக உரிகிறதா? ஆறத் தொடங்கிவிட்டது. கருத்த தடமோ வெளிறிய திட்டோ மறைய மாதக்கணக்கில் ஆகலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம். சரி, மேலே எதைத் தடவுவது?

ஈரம் காக்க: வாசலின் படலமாக நின்று தோலின் நீர் வெளியேறாமல் தடுக்கும். எண்ணெய் இதில் ஈடாகாது.

கிருமிக்கு: தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம், எக்ஸிமா தோலில் பெருகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை ஓரளவு அடக்கும். வாசலினுக்கு அந்தக் குணம் கிடையாது.

ஒவ்வாமை: மணம் சேர்க்காத வாசலின் அநேகமாக எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும். எண்ணெயை முதலில் சிறு இடத்தில் தடவி இரண்டு நாள் பாருங்கள்.

வெயிலில்: வாசலின் பிசுபிசுக்கும். வியர்வை தேங்கினால் அரிப்பு திரும்பும்.

வெடித்த விரல், குதிகால், இரவு நேரம் என்றால் வாசலின். பகலில் கை கால் முழுக்க மெல்லியதாகத் தடவ எண்ணெய். எதுவானாலும் குளித்ததும் துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் தடவுங்கள். டாக்டர் தந்த களிம்பை நீங்களாக நிறுத்த வேண்டாம். மஞ்சள் பொருக்கோ சீழோ கண்டால் எண்ணெய், வாசலின் இரண்டையும் விட்டுவிட்டு உடனே அவரிடம் போங்கள்.