ஃபீட் ரீடர்கள்: படித்து முடிக்க முடிகிற செய்தி

2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா பல நாடுகளின் பொருட்கள் மீது புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தது. ஏப்ரல் 7 அன்று, அந்த வரிகள் 90 நாள் நிறுத்திவைக்கப்படும் என்று ஒரு தகவல் சமூக ஊடகத்தில் கிளம்பி, தொலைக்காட்சிக்கும் தாவி, பங்குச் சந்தையைச் சில நிமிடங்கள் தூக்கி நிறுத்தியது. வெள்ளை மாளிகை அதைப் பொய் என்றதும் சந்தை மறுபடி சரிந்தது. ஏப்ரல் 9 அன்று பெரும்பாலான நாடுகளுக்கு நிஜமாகவே 90 நாள் நிறுத்தம் வந்தது. சீனாவுக்கு மட்டும் விகிதம் ஏறியது. மே 12 அன்று அமெரிக்காவும் சீனாவும் வரியைக் குறைக்க ஒப்புக்கொண்டன.

வாரம் ஒருமுறை செய்தி படித்தவருக்கு இதில் எதுவும் தவறிப்போயிருக்காது. ஏப்ரல் 7 கூத்து மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்காது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் ஃபீட் ரீடர் என்கிற செயலிவகையை எடைபோட இதுவே நல்ல உரைகல். எது வேகமாகச் செய்தி கொண்டுவருகிறது என்று பார்க்கத் தேவையில்லை. எது பட்டியலின் அடியைக் காட்டுகிறது, எது தன் பங்குக்குக் கூச்சல் சேர்க்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஃபீட் ரீடர் பழைய சரக்குதான். அது படிக்கும் ஆர்எஸ்எஸ் (RSS) என்ற கோப்பு வடிவம் 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது, 2.0 பதிப்பு 2002இல் வந்தது. அதன் தம்பியான 'ஆட்டம்' (Atom) என்ற வடிவம் 2005இல் இணையத் தரமானது. ஒரு தளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, நேரம், சுருக்கம் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைக்கும். அந்தக் கோப்புதான் ஓடை. செயலி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வரும், அவ்வளவே. நடுவில் உங்கள் கோபத்தை அளந்து வரிசையை மாற்றுகிற இயந்திரம் கிடையாது. நேர வரிசையில் வரும், தீர்ந்தால் தீர்ந்தது.

செயலிகள்

நெட்நியூஸ்வயர்: மேக், ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்கள் வேறெங்கும் தேட வேண்டாம். இலவசம், திறமூலம், விளம்பரம் இல்லை, பரிந்துரை இல்லை. 'இன்று' என்ற பட்டியல் கடைசி 24 மணி நேரத்துப் பதிவுகளை மட்டும் காட்டும். மேக் பதிப்பில் புதுப்பிப்பை 'கையால் மட்டும்' என வைக்க முடியும். அதைத்தான் வைக்க வேண்டும். குறை ஒன்று, அதுவும் பெரியது: குறிப்பிட்ட சொல் வரும் பதிவுகளை மறைக்கும் சொல் வடிகட்டி கிடையாது. ஆகவே எந்த ஓடையைச் சேர்க்கிறோம் என்பதிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. வடிகட்டி வேண்டுமானால் கீழே வரும் இன்னோரீடர் கணக்கோடோ ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் சர்வரோடோ இதை இணைத்து, வடிகட்டுவதை அங்கே விட்டுவிட்டுப் படிப்பதை மட்டும் இங்கே வைத்துக்கொள்ளலாம். இந்தச் சேர்க்கை நன்றாக வேலை செய்கிறது.

இன்னோரீடர்: பல்கேரியாவில் உருவானது, 2013 முதல் இருக்கிறது. இலவசக் கணக்கில் 150 ஓடைகள், விளம்பரத்தோடு. சத்தத்தைக் குறைக்கும் வசதிகள் எல்லாம் கட்டணக் கணக்கில்தான்: ஓடைவாரியாக வடிகட்டி, கோப்புறைக்கு விதி, ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் ஒன்றை மறைக்கும் வசதி. செய்தித் தளங்களையே அதிகம் படிப்பவருக்கு, காசு கொடுக்கத் தகுந்தது இந்த ஒன்றுதான். அமைப்புப் பக்கம் மட்டும் ஒரு காடு. முதல் நாளே எல்லாவற்றையும் திறந்து பார்த்தால் விட்டு ஓடத் தோன்றும்.

ஃபீட்லி: அழகானது, எளியது, இலவசத்தில் 100 மூலங்கள். ஆனாலும் எதிலிருந்து தப்பிக்க வந்தோமோ அதைப் பின்வாசல் வழியே உள்ளே விடுகிறது. பிரபலமானதை மேலே தூக்கும் வரிசை, 'இதையும் பாருங்கள்' என்று புது மூலங்களைக் காட்டும் பக்கம், கட்டணத்தில் செயற்கை நுண்ணறிவு உதவி. பிரபலம் என்றால் என்ன? பலர் கோபப்பட்டுப் பகிர்ந்ததும் பிரபலம்தான். பயன்படுத்துவதாக இருந்தால் ஒவ்வொரு கோப்புறையிலும் வரிசையைப் 'புதியது முதலில்' என்று மாற்றிவிடுங்கள்.

நியூஸ்பிளர்: இலவசத்தில் 64 தளங்கள். எழுதியவர் பெயர், குறிச்சொல், தலைப்பிலுள்ள சொற்றொடர் ஆகியவற்றுக்குப் பச்சை அல்லது சிவப்புக் கட்டைவிரல் வைக்கலாம். சிவப்பு வாங்கியவை மறையும். கட்டுரையாளர் பெயரை வைத்து மறைக்க முடிவது பெரிய வரம். நல்ல செய்தித்தளத்தில்கூடத் தினமும் எண்ணெய் ஊற்றுகிற பத்தியாளர் ஒருவர் இருப்பார். தளத்தை விடாமல் அவரை மட்டும் விட்டுவிடலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரே பதிவில் பச்சையும் சிவப்பும் மோதினால் பச்சையே வெல்லும். ஒரு நாட்டின் பெயருக்குப் பச்சை போட்டுவிட்டு 'பதிலடி' என்ற சொல்லுக்குச் சிவப்பு போட்டால், அந்த நாட்டுப் பதிலடிச் செய்தி அத்தனையும் வந்து நிற்கும்.

ஆண்ட்ராய்டில் ஃபீடர்: கணக்கு வேண்டாம், இலவசம், திறமூலம், தடுப்புப் பட்டியலும் உண்டு. எல்லாம் கைபேசிக்குள்ளேயே நடப்பதால் வரும் சிக்கலைக் கீழே பார்ப்போம்.

சொந்தமாகச் சர்வர் நடத்தத் தெரிந்தவருக்கு ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃபிளக்ஸ் என இரண்டு. முன்னது பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது, சிறிய அளவில் எஸ்கியூலைட் என்ற எளிய தரவுத்தளமே போதும். பின்னது கோ மொழியில் எழுதப்பட்டது, போஸ்ட்கிரேஎஸ்கியூஎல் தரவுத்தளம் இல்லாமல் ஓடாது. மினிஃபிளக்ஸின் முகப்பு வறண்டுபோய் இருக்கும், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இயல்பாக 60 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடைகளைப் பார்க்கும். அதைச் சில மணி நேரமாக உயர்த்தலாம்.

எதைச் சேர்ப்பது

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு செய்தித்தளத்தின் முகப்பு ஓடையைச் சேர்த்தால் ஒரு நாளில் நூற்றுக்கு மேல் வந்து குவியும். மூன்றாம் நாள் படிக்காதவை ஐந்நூறைத் தொடும், நான்காம் நாள் செயலியையே நீக்கிவிடுவார்கள். முகப்பு ஓடை வேண்டாம், பிரிவு ஓடை போதும். வேர்ட்பிரஸில் ஓடும் தளமென்றால் பிரிவுப் பக்க முகவரியின் கடைசியில் சாய்கோடு இட்டு ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்று சேர்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பிரிட்டனின் கார்டியன் செய்தித்தளத்தில் பிரிவு முகவரியோடு சாய்கோடும், ஆங்கிலத்தில் 'ஆர்எஸ்எஸ்' என்ற மூன்றெழுத்தும். கருத்துப் பத்திகளுக்குத் தனிப் பிரிவு இருக்கும், அதைத் தொடாதீர்கள். 'நேரலை', 'சற்றுமுன்' வகை ஓடைகளையும் தொடாதீர்கள்.

அளவு: நாளொன்றுக்கு எல்லா ஓடைகளும் சேர்ந்து 60 முதல் 80 தலைப்புகள். தலைப்புக்கு மூன்று நொடி என்றால் நான்கு நிமிடம். அதில் ஐந்தாறைத் திறந்து முழுதாகப் படிக்க அரை மணி. இதைத் தாண்டினால் ஓடையை வெட்ட வேண்டுமே தவிர நேரத்தைக் கூட்டக் கூடாது.

வல்லரசுப் போட்டி, வரிச்சண்டை, அணுசக்தி விவகாரம் போன்றவற்றுக்கு முதல்நிலை ஆவணங்களின் ஓடைகள் பெரிய உதவி. அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டருக்கு ஓடை உண்டு; மேடையில் சொன்ன வரிக்கும் அரசிதழில் வந்த வரிக்கும் உள்ள வித்தியாசம், எந்தத் தேதி முதல், எந்தப் பொருளுக்கு விலக்கு, எல்லாம் அங்கே இருக்கும். சர்வதேச அணுசக்தி முகமை, ஐ.நா. செய்திப் பிரிவு, அமெரிக்க மத்திய வங்கி ஆகியவையும் ஓடை தருகின்றன. இவற்றைப் படிப்பது சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பு நல்ல அறிகுறி.

போட்டி நாடுகளின் அரசு ஊடகங்களை ஒரே கோப்புறையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இன்னொரு வழி. ரஷ்யாவின் டாஸ் நிறுவனத்துக்கு ஓடை இருக்கிறது. அங்கே உண்மை கிடைக்கும் என்று யாரும் சொல்ல வரவில்லை. ஒரு அரசு எந்தச் சொல்லை எப்போது மாற்றுகிறது என்பதை மற்றவர் எடுத்துச் சொல்லும் முன் அங்கே பார்க்கலாம். வாரம் ஒருமுறை திறந்தால் போதும். தினமும் திறந்தால் அதுவே இன்னொரு கூச்சலாகிவிடும்.

வடிகட்டி எழுதுவது

நிகழ்வின் பெயரைத் தடுக்காதீர்கள், தொனியைத் தடுங்கள். 'தேர்தல்' என்ற சொல்லைத் தடுத்தால் தேர்தல் தேதியே தெரியாமல் போகும். 'பரபரப்பு', 'அதிரடி', 'பகீர்', 'கொந்தளி', 'பதிலடி', 'வெளுத்து வாங்கி' ஆகியவற்றைத் தடுத்தால் நிகழ்ந்தது தங்கும், அதைப் பற்றி யார் யாரைத் திட்டினார் என்பது போய்விடும். தலைப்பில் மட்டும் தேடும்படி விதியை வையுங்கள். முழு உரையிலும் தேடினால் நல்ல கட்டுரைகளும் சேர்ந்து அடிபடும்.

தமிழ்ச் சொற்களுக்கு விதி எழுதும்போது புள்ளி காலை வாரிவிடும். 'விவாதம்' என்று எழுதினால் 'விவாதத்தில்' சிக்காது. 'மோதல்' என்று எழுதினால் 'மோதலில்', 'மோதலுக்கு' சிக்காது, ஏனென்றால் புள்ளி இருந்த இடத்தில் வேறு உயிர்க்குறி வந்துவிடுகிறது. எழுத்துகளின் யூனிகோடு எண்களை வரிசையாக ஒப்பிடும் மினிஃபிளக்ஸ் போன்றவற்றில் புள்ளியை விட்டு 'மோதல' என்றும், கடைசி 'ம்' எழுத்தையே விட்டு 'விவாத' என்றும் எழுதினால் எல்லா வடிவங்களும் மாட்டும். ஆனால் இதே உத்தியைப் 'போர்' என்ற சொல்லுக்குச் செய்து 'போர' என்று எழுதினால் 'போராட்டம்', 'போராளி' எல்லாம் மறையும். புள்ளியோடு 'போர்' என்று விட்டாலோ 'போர்ச்சுகல்' வரும் கால்பந்துச் செய்தியும் 'கீபோர்டு' விமர்சனமும் காணாமல் போகும். சரியான வழி, வேண்டிய வடிவங்களைத் தனித்தனியாக அடுக்குவது: போரில், போரை, போருக்கு, போரின், போர்க்கள, போர் நிறுத்த.

வடிகட்டி விதிகளை எழுதப் பயன்படும் ரெகெக்ஸ் என்ற தேடல் குறிமொழியில் சொல் எல்லைக் குறி இருக்கிறதே, அதைப் போட்டால் தீராதா என்று கேட்பார்கள். தீராது. மினிஃபிளக்ஸ் எழுதப்பட்ட கோ மொழியில் அந்தக் குறி ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறியும். தமிழ்ச் சொல்லின் தொடக்கமும் முடிவும் அதற்குத் தெரியாது. சொல்லுக்கு முன்னால் வரித்தொடக்கம் அல்லது இடைவெளி என்று நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பிழை. 'போ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; வடிகட்டிக்கு அவை வேறு வேறு. ஒரு தளத்தில் மட்டும் விதி வேலை செய்யவில்லையென்றால், அந்தத் தளத்தின் தலைப்பிலிருந்தே சொல்லை நகலெடுத்து விதியில் ஒட்டிப் பாருங்கள்.

எங்கே உடைகிறது

ஓடையில் எல்லாப் பதிவும் இருக்காது. வேர்ட்பிரஸ் இயல்பாகக் கடைசி 10 பதிவுகளைத்தான் தரும், யூடியூப் சேனல் ஓடை கடைசி 15 காணொளிகளை. சர்வர் சார்ந்த சேவைகள் நாள் முழுக்கப் பார்த்துச் சேமித்துவிடும். ஃபீடர், தனியாக ஓடும் நெட்நியூஸ்வயர் போன்றவை உங்கள் கருவியில் செயலி, பின்னணியிலாவது, ஓடும்போதுதான் பார்க்கும். நாளொன்றுக்கு 40 பதிவு போட்டு, ஓடையில் 10 மட்டும் வைக்கும் தளத்தை அது ஒரு நாள் முழுக்கப் பார்க்காமல் இருந்தால் 30 போயே போய்விடும். அதனால் கைபேசிச் செயலியில் குறைவாக எழுதும் தளங்களை மட்டும் வையுங்கள்.

ஒரே செய்தி மூன்று முறை வந்தால், தளம் தலைப்பைத் திருத்தும்போது பதிவின் அடையாளக் குறியையும் மாற்றுகிறது என்று பொருள். படிப்பவர் பக்கம் செய்ய ஒன்றுமில்லை, இன்னோரீடரில் பார்த்ததுபோல் இரண்டாம் முறை வருவதை மறைக்கும் வசதியைத் தவிர. வாரக்கணக்கில் அமைதியாக இருக்கும் ஓடை பெரும்பாலும் இறந்த ஓடை. செயலி சொல்லாது, நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். அடிக்கடி கேட்டால் சில தளங்கள் 429 என்ற பிழை காட்டிக் கதவைச் சாத்தும். இடைவெளியைக் கூட்டினால் திறக்கும்.

செயலியை நிறுவிய உடனே அறிவிப்பையும், படிக்காதவற்றின் எண்ணிக்கையைக் காட்டும் சிவப்பு வட்டத்தையும் அணைத்துவிடுங்கள். அந்த எண் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஃபீட் ரீடரும் இன்னொரு சமூக ஊடகம்தான்.

கூகுளின் ஃபீட் ரீடரான கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது, தங்கள் ஓடைப் பட்டியலை முன்பே இறக்கி வைத்திருந்தவர்கள் எளிதில் வேறு சேவைக்கு மாற முடிந்தது. அந்தப் பட்டியலைத் தாங்கும் ஓபிஎம்எல் (OPML) என்ற வகைக் கோப்பை மேலே சொன்ன எல்லாச் செயலிகளும் ஏற்றவும் இறக்கவும் விடுகின்றன. ஆனால் அதில் போவது ஓடை முகவரிகளும் கோப்புறைப் பெயர்களும்தான். வடிகட்டி விதிகள் பொதுவாக அதில் வராது. அவற்றைத் தனி உரைக்கோப்பில் ஒட்டி வையுங்கள். கோப்புறைக்குள் கோப்புறை வைத்திருந்தால் நெட்நியூஸ்வயருக்கு மாறும் முன் பிரித்துவிடுங்கள், அது ஒரு அடுக்குக்கு மேல் ஏற்காது.