பேனாவில் விளக்கு எரிந்தால் போதாது: பாண்டியில் 'நோட்ஸ் டேப்' வாங்கப் போகிறவர்களுக்கு

காலேஜ் திறக்கும் நேரம். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கமிருந்து பாண்டிக்குப் போய் 'நோட்ஸ் எழுதுற டேப்' வாங்க நினைத்திருப்பவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எழுதும் பேனா என்று சொன்னதை நம்பி, அப்படி ஒரு டேபை வாங்கி ஏமாந்தவள் நான். கடையின் பெயரைப் போடவில்லை. நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், அடுத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் போகப்போகிறது, நடுவில் பெயரைப் போட்டு வேறு தலைவலியை இழுத்துக்கொள்ளாதே என்று சித்தப்பா சொல்லிவிட்டார். நேரு வீதி, மிஷன் வீதிப் பக்கம் வரிசையாக இருக்கும் மொபைல் கடைகளில் ஒன்று என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே வித்தையை வேறு கடைகளிலும் பார்த்ததாகத் தோழிகள் சொல்கிறார்கள்.

நான் எம்.எஸ்சி. வேதியியல். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பாண்டிக்கு பஸ். ஆர்கானிக் வகுப்பில் டைப் அடித்தெல்லாம் நோட்ஸ் எடுக்க முடியாது. வளையம் போட வேண்டும், எலக்ட்ரான் எங்கே நகர்கிறது என்று வளைந்த அம்புக்குறி போட வேண்டும், அம்மா போர்டில் ஒரு அம்பை அழித்துவிட்டு வேறு பக்கம் திருப்பினால் நாமும் திருப்ப வேண்டும். (எங்கள் பேராசிரியை எல்லோருக்கும் 'அம்மா'தான்.) ஒரு சீனியர் அக்கா டேபில் எழுதுவதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. அம்மா அனுப்பும் பிடிஎஃப் மேலேயே எழுதுவார், தப்பான அம்பை மட்டும் வட்டம் போட்டுப் பிடித்து நகர்த்துவார், செமஸ்டர் முழுவதும் பையில் ஒரே ஒரு பொருள். வீட்டில் கேட்டேன், 17,000க்குள் பார் என்றார்கள்.

கடையில் இருந்தவர் நல்ல பேச்சுக்காரர். "வாம்மா, நோட்ஸுக்குத்தானே? இதத்தான் எல்லா காலேஜ் பசங்களும் வாங்கிட்டுப் போறாங்க" என்று ஒரு டேபை எடுத்து வைத்தார். கூடவே வெள்ளைப் பெட்டியில் ஒரு பேனா. அதன் தலையில் ஒரு தட்டு தட்டினால் நீல விளக்கு எரிகிறது. சார்ஜ் போட அதற்குத் தனி ஓட்டை. பார்த்தால் யாருக்கும் இது அசல் எலக்ட்ரானிக் பேனா என்றுதான் தோன்றும். அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரை முழுக்க 'வெல்கம்' என்று பெரிதாக எழுதிக் காட்டினார். நானும் கவுண்டரில் நின்றபடி என் பெயரை எழுதிப் பார்த்தேன், எழுதியது. நின்றுகொண்டு எழுதும்போது யாரும் மணிக்கட்டைத் திரையில் ஊன்றுவதில்லை, அந்தக் கடையில் உட்கார ஸ்டூலும் கிடையாது.

"கைய வெச்சு எழுதலாமா அண்ணா?" என்று கேட்டேன். "தாராளமா எழுதலாம்மா, பாம் ரிஜெக்‌ஷன் இருக்கு" என்றார். ஊன்றிய உள்ளங்கையைக் கணக்கில் எடுக்காமல் விடும் வசதி அது. ஆப்பின் செட்டிங்கைத் திறந்து அந்தப் பெயரில் இருந்த பொத்தானையும் காட்டினார். ஆப்பில் அந்தப் பொத்தான் இருப்பதற்கும் டேபில் அந்த வசதி இருப்பதற்கும் சம்பந்தமில்லை. 16,500 ரூபாய். சித்தப்பா ஜிபே செய்தார்.

அடுத்த வகுப்பிலேயே கூத்து தொடங்கியது. பெஞ்சில் டேபை வைத்து, கையை ஊன்றி முதல் வரி எழுதினேன். உள்ளங்கை பட்ட இடத்தில் ஒரு கோடு. பக்கம் தானாகப் பெரிதாகி ஓரமாக ஓடுகிறது. இழுத்துக்கொண்டு வருவதற்குள் அம்மா அடுத்த படிக்குப் போய்விட்டார். கையை ஊன்றாமல் எழுதினால் பத்து நிமிடத்தில் தோள் வலிக்கிறது. சரி, ஒரு கைக்குட்டையை மடித்துக் கைக்கு அடியில் வைத்து எழுதினேன். அப்போதும் சிறிய எழுத்து தேறவில்லை. கார்பன் எண்ணை கீழே சின்னதாகப் போட்டால் 2 எது, 3 எது என்று தெரியாது. தமிழில் எழுதினால் 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு ஒரு மை உருண்டை. மெதுவாகச் சாய்கோடு இழுத்தால் கோடு நேராக வராமல் புழு ஊர்ந்ததுபோல் நெளிகிறது. அறுகோணம் போட வேண்டிய பாடத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

சீனியர் அக்காதான் குட்டை உடைத்தார். டேபை வாங்கி, நோட்ஸ் ஆப்பில் 'விரலால் எழுதுவது' என்ற வசதியை அணைத்தார். பிறகு அந்த நீல விளக்குப் பேனாவால் எழுதினார். எழுதவே இல்லை, பக்கம் மேலும் கீழும் நகர்ந்தது. "இந்த டேபுக்கு இது பேனாவே இல்லடி, இன்னொரு விரல்" என்றார்.

விஷயம் இதுதான். சாதாரண டேப் திரைக்கு விரல் பட்டால் ஏற்படும் மின்னூட்ட மாற்றம் மட்டும்தான் தெரியும். கடைக்காரர் கொடுத்தது போன்ற பேனா அந்த மாற்றத்தைத்தான் ஒரு மெல்லிய நுனி வழியாகப் போலியாக உண்டாக்குகிறது. பேட்டரி அதற்குத்தான், நீல விளக்கு அதற்குத்தான். ஆகவே திரையைப் பொறுத்தவரை பேனாவும் விரல், உள்ளங்கையும் விரல். எதை விடுவது, எதை எடுப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? சாம்சங்கின் எஸ் பென் வேறு விதம். திரைக்கு அடியில் அதற்கென்றே ஒரு தனி அடுக்கு இருக்கிறது. அது உண்டாக்கும் மின்காந்தப் புலத்துக்குப் பேனாவுக்குள் இருக்கும் சுருள் பதில் கொடுக்கும். எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரியே தேவையில்லை. பேனா அருகில் வந்ததும் டேபுக்குத் தெரிந்துவிடும், கையைக் கணக்கில் எடுக்காது. ஆப்பிள் பென்சிலுக்குள் பேட்டரி உண்டு என்றாலும் அதுவும் ஐபேடோடு தனியாகப் பேசிக்கொள்கிற பேனாதான். எந்த வகையானாலும் டேபிலேயே அந்த வசதி இருக்க வேண்டும், பிற்பாடு பேனாவை மட்டும் வாங்கிச் சேர்த்துவிட முடியாது.

டேப் செய்த கம்பெனி மேல் எனக்குக் குறை இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், உள்ளே இருப்பவை என்று அச்சடித்ததில் டேப், கேபிள், அடாப்டர், சிம் ஊசி, அவ்வளவுதான். பேனா என்ற பேச்சே இல்லை. பேனாவைச் சேர்த்தது கடை. அதே டேப் ஆன்லைனில் 11,000 சொச்சம், அந்தப் பேனா 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதி 5,000 எதற்கு என்றால், 'நோட்ஸ் டேப்' என்று கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு. பெட்டி மேல் அவர்கள் ஒட்டியிருந்த '8 ஜிபி ராம்' ஸ்டிக்கரும் இதே கதைதான்: 4 ஜிபி நிஜம், மீதி 4 சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கும் கணக்கு.

திருப்பிக் கொண்டுபோனோம். முதலில் "அப்டேட் பண்ணா சரியாயிடும்மா". அப்புறம் "நிப்பு தேஞ்சிருக்கு". புதுப் பேனாவில் நிப்பு எப்படித் தேயும் என்று சித்தப்பா கேட்டதற்குப் பதில் இல்லை. அப்புறம் பேப்பர் மாதிரி இருக்கும் மேட் ஸ்கிரீன் கார்டு போட்டால் எழுத்து நன்றாக விழும் என்று 650 ரூபாய்க்கு அதை ஒட்டிவிட்டார்கள். அதில் பேனா வழுக்காமல் இருந்தது உண்மை. மற்றபடி கோடு நெளிந்தது நெளிந்தபடியே.

எனக்கு இன்றுவரை ஆறாதது அதற்கு அடுத்து நடந்தது. "வெச்சிட்டுப் போங்க, சர்வீஸ் பையன் பாக்கட்டும்" என்றார்கள். மறுநாள் போய் வாங்கித் திறந்தால் "வணக்கம், மொழியைத் தேர்ந்தெடுங்கள்" என்று புது டேப் மாதிரி நிற்கிறது. ஒரு வார்த்தை கேட்காமல் ரீசெட் செய்துவிட்டார்கள். கைக்குட்டை வைத்து, வலியோடு எழுதியதென்றாலும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி நோட்ஸ் முழுக்க அதில்தான் இருந்தது. வகுப்புத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பியிருந்த சில பாடங்கள் மட்டும் தப்பின. "டேட்டாக்கு நாங்க பொறுப்பு இல்லம்மா, போர்டுல எழுதியிருக்கோம் பாருங்க" என்று சுவரைக் காட்டினார். எந்தக் கடையில், எந்தக் காரணத்துக்காக டேபைக் கொடுத்தாலும் எல்லா நோட்ஸையும் பிடிஎஃப்பாக மாற்றி டிரைவிலோ வேறு போனிலோ போட்டுவிட்டுக் கொடுங்கள். ஆப் தானாகச் சேமிக்கும் என்பது பெரும்பாலும் அந்த டேபுக்குள்ளேயே சேமிக்கும் என்றுதான் அர்த்தம்.

பணத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "9,000க்கு எடுத்துக்கிறேன், வேற நல்லதா பாருங்க." சீட்டின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று இருப்பதைக் காட்டினார்.

அந்தச் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கிய அன்று கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுத் தாள். 'டேப் + பென்' என்று ஒரு வரி, தொகை, ஒரு கிறுக்கல். மாடல் எண் கிடையாது. ஜிஎஸ்டி பில் கேட்டபோது "18 பர்சென்ட் கூட ஆகும் சார், பாண்டியில அது எதுக்கு?" என்றார். நம் பக்கத்து ஆட்களுக்கு பாண்டி என்றால் வரி குறைவு என்று ஒரு பழைய நினைப்பு. பெட்ரோலுக்கும் மதுவுக்கும் அது பொருந்தலாம், அவை ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. டேபுக்கு 2017 ஜூலை முதல் கடலூரிலும் பாண்டியிலும் ஒரே வரிதான்.

சண்டை போட்ட பிறகு ஒரு பில் கொடுத்தார்கள். அதில் இருந்த ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கியது. 33 தமிழ்நாடு. பாண்டிக் கடை பாண்டியில் விற்றால் 34 என்றுதான் தொடங்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் சம்பந்தமே இல்லாத வேறு தொழில், வேறு பெயர் வந்தது. லாகின் எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் போனிலேயே பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன்பே கடையில் நின்றபடி பார்த்துவிடலாம்.

1915க்கு அடித்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள், புகாரைப் பதிந்தார்கள். அவர்கள் கடையோடு பேசிப் பார்ப்பார்களே தவிர உத்தரவு போட முடியாது, அதற்கு நுகர்வோர் ஆணையம் போக வேண்டும். ஆனால் அங்கே போவது நான் நினைத்த அளவுக்கு மலைப்பான வேலை இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பாண்டிக் கடை மேல் கடலூரில் போடலாம். 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்றே எழுதியிருக்கிறது. திருப்பித் தர பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஆகவே சீட்டின் அடியில் அச்சடித்த அந்த ஒற்றை வரியைப் பார்த்துப் பயந்து திரும்பி வர வேண்டியதில்லை.

சித்தப்பா இதையெல்லாம் எழுதி ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பினார். அதுவரை போனை எடுக்காதவர் தானாகவே கூப்பிட்டு, "சார், நமக்குள்ள எதுக்கு, 12,000 தர்றேன்" என்றார். முழுப் பணமும் ஸ்கிரீன் கார்டு பணமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். தராவிட்டால் மனு தயாராக இருக்கிறது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. கடையில் உட்கார இடம் கேளுங்கள். டேபை மேசையில் வைத்து, கையை நன்றாக ஊன்றி, நோட்டில் எழுதும் அளவிலேயே ஒரு பத்தி எழுதுங்கள். அக்கா செய்ததுபோல விரலால் எழுதும் வசதியை அணைத்துவிட்டுப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். போலி அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஸ்கேலை வைத்து மெதுவாகச் சாய்கோடு போட்டுப் பாருங்கள். எஸ் பென் என்று சொன்னால், நுனியைத் திரையில் படாமல் கொஞ்சம் மேலே பிடித்து நகர்த்துங்கள், சின்னப் புள்ளி ஒன்று கூடவே நகர வேண்டும். ஐபேடில் எல்லா மாடலிலும் இந்தப் புள்ளி வராது, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மாடல் பெயரையும் உன்னிப்பாகப் பாருங்கள். சாம்சங் என்றாலே பேனா எழுதும் என்று இல்லை. 2020இல் வந்த டேப் எஸ்6 லைட்டுக்குப் பேனா பெட்டியிலேயே வந்தது. டேப் ஏ7, ஏ8, ஏ9 எதிலும் எஸ் பென் எழுதாது. ஐபேடுக்குப் பென்சில் தனிக்காசு, அதிலும் எந்தப் பென்சில் எந்த ஐபேடுக்கு என்று பெரிய குழப்பம். 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் இரண்டாம் தலைமுறைப் பென்சில் வேலை செய்யாது. பழையது வாங்கினால் முந்தையவரின் ஆப்பிள் கணக்கு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவானாலும் ரீசெட் செய்து, வைஃபை கொடுத்து, முகப்புத் திரை வரும்வரை கடையிலேயே இருங்கள். ஏதாவது பள்ளியோ கம்பெனியோ நிர்வகிக்கும் சாதனம் என்று நடுவில் வந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பில்லில் டேபின் முழு மாடல் எண், பேனாவின் பெயர், சீரியல் எண், கடையின் ஜிஎஸ்டி எண் நான்கும் இருக்க வேண்டும். 'கைய வெச்சு எழுதலாம்' என்று வாயால் சொல்வதை பில்லிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை இருக்கிறது.

ஏற்கெனவே இதுபோல் வாங்கி மூலையில் போட்டு வைத்திருப்பவர்கள் பெட்டியையும் துண்டுச் சீட்டையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஆணையத்தில் மனுப் போட இரண்டு ஆண்டு வரை நேரம் இருக்கிறது. எங்கள் நோட்டீஸின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.