லாகினுக்கு மட்டும் ஹெச்டிடிபிஎஸ்: பல வருடம் ஓட்டிப் பார்த்தபின்

நான் பராமரிக்கும் ஜாவா அப்ளிகேஷன் பழைய பாணியில் எழுதப்பட்டது. லாகினும் பணம் கட்டும் பக்கமும் ஹெச்டிடிபிஎஸ் (போகும் தரவை என்கிரிப்ட் செய்து, அதாவது பூட்டி அனுப்புவது), மற்றதெல்லாம் பூட்டில்லாத வெறும் ஹெச்டிடிபி. என்கிரிப்ஷன் சிபியுவைத் தின்றுவிடும் என்று அப்போது எல்லோருக்கும் ஒரு பயம், சான்றிதழுக்கும் காசு.

பாதுகாப்பான பக்கத்துக்குப் போவது சுலபம். அப்ளிகேஷனின் அமைப்புகள் இருக்கும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் 'கான்ஃபிடென்ஷியல்' என்று போட்டால், அதை ஓட்டும் சர்வரான டாம்கேட்டே ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்கு ரீடைரக்ட் செய்துவிடும். திரும்பி வருவதற்குத்தான் எந்த ஏற்பாடும் கிடையாது, வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் பார்த்துத் திருப்பிவிடும் ஃபில்டரை நாமே எழுத வேண்டும்.

உண்மையான தலைவலி செஷன் குக்கி, அதாவது லாகின் செய்தவர் யார் என்று சர்வர் அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு. ஹெச்டிடிபிஎஸ்ஸில் செஷன் தொடங்கினால் டாம்கேட் அந்தக் குக்கிக்கு 'செக்யூர்' முத்திரை குத்திவிடும், அதனால் ஹெச்டிடிபி பக்கத்துக்கு வந்ததும் பிரவுசர் அதை அனுப்பாது, சர்வரும் யாரோ புது ஆள் என்று நினைத்து மறுபடி லாகின் கேட்கும். அப்புறம் க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் செக்யூர் குக்கியை ஹெச்டிடிபி வழியாக மாற்றி எழுத விடமாட்டோம் என்று விதியை இறுக்கியபோது இன்னும் வேடிக்கை: சர்வர் தரும் புதுக் குக்கியும் ஒட்டாது, ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஒரு புது செஷன்! செஷனை முதலிலேயே ஹெச்டிடிபியில் தொடங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் செஷன் ஐடி திறந்தவெளியில் போகும். பொது வைஃபையில் அதை ஒரு க்ளிக்கில் களவாடலாம் என்று 2010இல் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி காட்டிவிட்டது. பாஸ்வேர்டை மட்டும் பூட்டி வைத்து என்ன பயன்?

ஃபார்மிலும் ஒரு சிக்கல். அதை ஹெச்டிடிபி முகவரிக்கு அனுப்பி 302 என்ற ரீடைரக்ட் பதிலை வாங்கினால், தரவை அனுப்பும் 'போஸ்ட்' கோரிக்கை, பக்கத்தை மட்டும் கேட்கும் 'கெட்' கோரிக்கையாக மாறி, நிரப்பியதெல்லாம் போச்சு. போஸ்டை மாற்றாத 307 ரீடைரக்ட் போட்டால் தரவு தப்பும், சரி, ஆனால் அதற்குள் ஒருமுறை அது வெளிப்படையாகப் போயிருக்கும்.

கடைசியில் எல்லாவற்றையும் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றி, அந்த ஃபில்டரையே தூக்கினேன். 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம். சிபியுவில் சொல்லும்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மாற்றிய அன்று வந்த ஒரே சிக்கல் முடிவில்லாத ரீடைரக்ட். சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் லோட் பேலன்சரிலேயே என்கிரிப்ஷன் முடிந்துவிடுவதால் டாம்கேட்டுக்கு வருவதெல்லாம் ஹெச்டிடிபியாகவே தெரிந்தது, அதனால் திரும்பத் திரும்ப ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கே அனுப்பியது. முதலில் வந்தது ஹெச்டிடிபிஎஸ்தானா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டெட்-ப்ரோட்டோ ஹெடரைப் படிக்கும்படி டாம்கேட்டின் ரிமோட்ஐபிவால்வை அமைத்ததும் சரியானது.

இனி ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா என்று பிரவுசரிடம் சொல்லும் ஹெச்எஸ்டிஎஸ் ஹெடரைப் போடுகிறவர்கள், அது எவ்வளவு நேரம் செல்லும் என்பதைக் குறிக்கும் மேக்ஸ்-ஏஜை முதலில் 300 விநாடி வைத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பில் சப்டொமைன்களையும் சேர்த்து 31536000 விநாடி வைத்துவிட்டு ஏதாவது சப்டொமைன் உடைந்தால், பிரவுசர் ஒரு வருடத்துக்கு ஹெச்டிடிபி பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.