புதிய 4060-ஆ, பழைய 3070-ஆ? என் யுபிஎஸ் சொன்ன பதில்

திருமண வீடியோ எடிட்டிங்குக்காக என் டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டியிருந்தது. ஐ5-10400 பிராசஸர், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி). சென்னை ரிச்சி தெரு மின்னணுச் சந்தையில் விசாரித்தபோது என் கையிருப்புக்குள் இரண்டு வந்தன: பெட்டி பிரிக்காத ஆர்டிஎக்ஸ் 4060, ஒருவர் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3070. நான் வாங்கியது 4060.

வேகத்தில் 3070தான் முந்தும். கார்டின் நினைவகத்துக்குத் தரவு போய்வரும் பாதையான மெமரி பஸ் அதில் 256 பிட், 4060-க்கு 128 பிட். இரண்டிலும் 8 ஜிபி நினைவகம். ஏவி1 வடிவில் வீடியோவை வேகமாக ஏற்றுமதி செய்யும் வசதி 4060-இல் மட்டும் உண்டு.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது மின்சாரம். 4060 இழுப்பது 115 வாட், 3070 இழுப்பது 220 வாட். இந்தக் கார்டுகளின் சிப்பை வடிவமைத்த என்விடியா 4060-க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்கிறது. 3070-க்கு 650 கேட்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் யுபிஎஸ். நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். 220 வாட்டுடன் பிராசஸரின் 65, மானிட்டர், ஹார்டு டிஸ்க், எஸ்எம்பிஎஸ்ஸில் வெப்பமாக வீணாவது எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். நண்பரின் 3070-ஐ இரண்டு நாள் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ரெண்டரிங் நடுவே மின்சாரம் போனது. யுபிஎஸ் ஒரு முறை அலறிவிட்டு மொத்தமாக அணைந்தது. இரண்டு மணி நேர வேலை போயிற்று. 4060 வந்த பிறகு அதே யுபிஎஸ்ஸில், கோப்பைச் சேமித்து நிதானமாக அணைக்க அவகாசம் கிடைக்கிறது.

பொருத்துவதிலும் அந்த 3070 பாடுபடுத்தியது. மூன்று விசிறி கொண்ட நீளமான கார்டு. ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழற்றினால்தான் உள்ளே போயிற்று. இரண்டு 8 பின் மின் இணைப்பு கேட்டது, என் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரே வயரிலிருந்து பிரியும் இரண்டு முனைகளே இருந்தன. 4060-க்கு ஒரே ஒரு 8 பின். ஸ்லாட்டில் அழுத்தி, 'டக்' என்று கொக்கி விழுந்ததும் திருகை முடுக்கினேன். மானிட்டர் வயரை மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் செருகியதோடு வேலை முடிந்தது.

4060-க்கும் ஒரு குறை உண்டு. மதர்போர்டுடன் தரவு பரிமாற அது எட்டு லேன்களை (பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும். என்னுடையதைப் போன்ற, கார்டு செருகும் ஸ்லாட் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 ஆக உள்ள மதர்போர்டில் அது சற்றுப் பின்தங்கலாம். எடிட்டிங்கில் நான் அதை உணரவில்லை. விளையாட்டுகள் ஆடிப் பார்த்ததில்லை என்பதால் அதைப் பற்றி உறுதி தர மாட்டேன்.

650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் 1000 விஏ யுபிஎஸ்ஸும் ஏற்கெனவே வைத்திருப்பவர் 3070-ஐத் தாராளமாகப் பார்க்கலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கிராஃபிக்ஸ் கார்டுகளால் ஈட்டும் மைனிங் நின்றதும், இரவும் பகலும் உழைத்த கார்டுகள் சந்தையில் குவிந்தன. ஆகவே சீரியல் எண்ணுள்ள பழைய பில்லைக் கேளுங்கள். கடையிலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.