மாடி ரூம் ரயிலின் டிரைவர் சீட்டில் ஒரு கட்டைவிரல் கேமரா

"சின்னதா ஒரு கேமரா வேணும், கட்டைவிரல் அளவுக்கு, வயர் எதுவும் இருக்கக் கூடாது" என்று சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டு "யாருக்கும் தெரியக் கூடாதா சார்?" என்பார். பொம்மை ரயிலில் வைக்க என்றேன். அவர் நம்பவில்லை. கூட வந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டு "நிஜமாவே ரயில்லதாங்க வைக்கப் போறாரு" என்று சொன்ன பிறகுதான் கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். பேரம் பேசி 1,900 ரூபாய். பெட்டியில் கம்பெனி பேரே கிடையாது, '4கே வைஃபை' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்று மாதமாக அதை வைத்துத்தான் என் ரயில் பாதையை டிரைவர் பார்வையில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று ரெண்டு மூன்று நண்பர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் லேஅவுட்டைப் பற்றி. பத்தடிக்கு நாலடி பிளைவுட், எச்.ஓ ஸ்கேல், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையை மனதில் வைத்துச் செய்தது. ஒரு சுரங்கம், ஒரு சின்ன ஸ்டேஷன், தென்மலைக்குக் கிட்டே இருக்கிற பதிமூன்று கண் பாலத்தின் சாயலில் ஒரு பாலம். இடம் போதாமல் என் பாலத்துக்கு ஒன்பது கண்தான் வந்தது. கல் கல்லாகக் கோடு கீறி, வண்ணம் பூசி, பாசி படிந்த மாதிரி பச்சை தட்டி, அந்தப் பாலத்துக்கு மட்டும் ரெண்டு மாதம் போயிற்று. அதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும், வயிறு எரியும்.

ஏன் நல்ல ஆக்‌ஷன் கேமராவே வைக்கக் கூடாது என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தேன், தம்பியிடம் இரவல் வாங்கி. வேகனில் உட்கார வைத்தால் தரையிலிருந்து தலை வரை ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகிறது, சுரங்க வாயில் இடிக்கிறது. அப்படியே நுழைந்தாலும் லென்ஸ் இருக்கிற உயரத்துக்கு டிரைவர் எஞ்சின் கூரை மேல் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி இருக்கும். நிஜ எஞ்சினில் டிரைவர் கண் தண்டவாளத்துக்கு மேலே சுமார் இரண்டரையிலிருந்து மூன்று மீட்டர் என்று வைத்தால், எச்.ஓ கணக்கில் மூன்று சென்டிமீட்டர், சொச்சம். அந்த உயரத்தில் லென்ஸ் நிற்க வேண்டும் என்றால் இந்த மாதிரிக் குட்டிக் கேமராவை விட்டால் வேறு வழியில்லை. ஹாம்பர்க்கில் இருக்கிற மினியேச்சர் வுண்டர்லாண்ட், உலகத்திலேயே பெரிய மாடல் ரயில் லேஅவுட், அதற்குள் 2016-ல் கூகுள்காரர்கள் ஸ்ட்ரீட் வியூ எடுத்தபோதும் குட்டிக் கேமராக்களைச் சின்ன வண்டிகளில் ஏற்றித்தான் எடுத்தார்கள். அவர்களிடம் காசும் ஆளும் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு கட்டை வேகனும் இரட்டைப் பக்க டேப்பும்.

சரி, கேமராவுக்கு வருவோம். 4கே என்பது சுத்தப் பொய். வருவது 1080 அளவுப் படம், அதை உள்ளேயே இழுத்துப் பெரிசாக்கி 4கே என்று சேமிக்கிறது. கார்டில் இடம் போவதுதான் மிச்சம், 1080-லேயே வைத்துவிடுங்கள். மூலையில் தேதி, நேரம் மஞ்சள் எழுத்தில் வரும், முதல் நாள் எடுத்த எல்லாமே 2015 ஜனவரி 1 என்று காட்டியது. ஆப்பில் ஒருமுறை போனோடு இணைத்தால் தேதி சரியாகும், ஆனால் அந்த எழுத்தை எடுக்க வழியே இல்லை, எடிட் பண்ணும்போது வெட்டித்தான் ஆக வேண்டும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஃபைலாக உடைக்கிறது, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு நொடி காணாமல் போகும். அந்த ஒரு நொடி எப்போதும் பாலத்தின் மேல்தான் வந்து விழுகிறது, என் ராசி அப்படி.

பெரிய பிரச்சினை ஃபோகஸ். இந்தக் கேமராக்களை அறையை நோட்டம் விடுவதற்காகச் செய்கிறார்கள், அதனால் ஒரு மீட்டருக்கு அப்பால்தான் தெளிவாகத் தெரியும். மாடல் ரயிலுக்கு வேண்டியது பத்து, இருபது சென்டிமீட்டர். லென்ஸைச் சுற்றி ஒரு சொட்டுப் பசை வைத்திருப்பார்கள், அதைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய குறடால் லென்ஸை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் அது வெளியே வரும், வர வரக் கிட்டே இருப்பது தெளியும். எனக்குக் கால் சுற்று போதுமாக இருந்தது. ஸ்டேஷன் பெயர்ப் பலகையை இருபது சென்டிமீட்டரில் நிறுத்தி வைத்து, போனில் பார்த்துக்கொண்டே திருகினேன். 'ஆரியங்காவு' என்ற எழுத்து மங்கலிலிருந்து மேலே எழுந்து வந்த அந்த நிமிஷத்துக்கே 1,900 கொடுக்கலாம். ஒன்று, இதைச் செய்தால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். அதை அவரே சிரித்துக்கொண்டே சொல்லியும்விட்டார்.

அடுத்தது பேட்டரி. ஒன்றரை மணி நேரம் என்று பெட்டி சொல்கிறது, நாற்பது நிமிஷம் தாண்டினால் அதிசயம், அதற்குள் தொட முடியாத சூடு. தண்டவாளத்திலிருந்தே கரண்ட் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் என்னுடையது பழைய டி.சி கன்ட்ரோலர், வேகத்தைக் குறைத்தால் தண்டவாளத்தில் வோல்டேஜும் குறையும், ஸ்டேஷனை நெருங்கும்போதெல்லாம் கேமரா கண்ணை மூடிக்கொண்டது. டி.சி.சி என்கிற டிஜிட்டல் கன்ட்ரோல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் வண்டி நின்றாலும் வோல்டேஜ் அப்படியே இருக்கும். கடைசியில் 18650 என்கிற லித்தியம் பேட்டரி செல் ஒன்றை, வோல்டேஜை ஏற்றித் தருகிற குட்டி பூஸ்டர் போர்டோடு வேகனிலேயே படுக்க வைத்தேன். 18 மி.மீ தடிமன், 65 மி.மீ நீளம், வேகனுக்கென்றே அளவெடுத்த மாதிரி. இப்போது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது.

அந்த செல்லால் இன்னொரு லாபமும் கிடைத்தது. கேமரா வேகன் எஞ்சினுக்கு முன்னால் போக வேண்டும், அதாவது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், நம் நீலகிரி ரயிலில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் தள்ளிக்கொண்டு போகிற மாதிரியே. (அங்கே முன்னால் நின்று பாதையைப் பார்த்து வருபவர் டிரைவர் இல்லை, பிரேக்ஸ்மேன். டிரைவர் கடைசியில் புகையோடு இருக்கிறார்.) தள்ளப்படுகிற வேகன் கனமில்லாமல் இருந்தால், பாதை பிரிகிற பாயின்ட்டில் கண்டிப்பாகத் தடம் புரளும். அமெரிக்க மாடல் ரயில் சங்கத்துக்காரர்கள் எச்.ஓ வேகனுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒரு அவுன்ஸ், அதோடு இஞ்சுக்கு அரை அவுன்ஸ். என் ஆறு இஞ்ச் வேகனுக்கு நாலு அவுன்ஸ், சுமார் 113 கிராம். கேமராவோடு சேர்த்து வேகன் 38 கிராம்தான் இருந்தது. செல் 45 கிராம், மிச்சத்துக்குத் தூண்டில் ஈயக் குண்டுகளை அடியில் ஒட்டினேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூடப் புரளவில்லை.

வைஃபையைப் பற்றி ஒரு வார்த்தை. போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம், அதுதான் இந்தக் கேமராவின் பெரிய சுகம். ஆனால் என் மலை கோழி வலை மேல் பிளாஸ்டர் பூசிச் செய்தது. ரயில் சுரங்கத்துக்குள் போனதும் படம் உறைந்துவிடும், இரும்பு வலை சிக்னலை அப்படியே தடுத்துவிடுகிறது. கார்டில் மட்டும் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்தச் சுரங்கப் பதிவைப் பொறுமையாகப் பார்த்தபோது, இருட்டில் கேமரா தானாக இன்ஃப்ராரெட் விளக்கைப் போட்டுச் சாம்பல் நிறமாக எடுத்த அந்தக் காட்சியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு பல்லி. பத்து சென்டிமீட்டர் பல்லி, எச்.ஓ கணக்கில் எட்டே முக்கால் மீட்டர். ரயில் வர வர அது தலையைத் திருப்பிப் பார்க்கிறது, கண் ரெண்டும் பளிச்சென்று மின்னுகிறது, தொண்டை மட்டும் துடிக்கிறது, நகரவே இல்லை. என் பெண் அந்த ஐந்து நொடியை நாற்பது தடவை பார்த்திருப்பாள்.

வெளிச்சம்தான் இன்னும் தலைவலி. ஆப்பில் முதல் வேலையாக 60 ஹெர்ட்ஸை 50-க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர் டியூப்லைட்டில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக லேஅவுட்டில் விழுந்தால் புல் எல்லாம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடுகிறது, இன்ஃப்ராரெட்டைத் தடுக்கிற ஃபில்டர் உள்ளே இல்லை. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு எல்இடி வெளிச்சத்தில் எடுத்தால் பச்சை பச்சையாகவே வருகிறது. அப்புறம் ஃபேன். மேலே ஃபேன் சுற்றினால் அதன் நிழல் தண்டவாளத்தின் மேல் சடசடவென்று அடிக்கிறது, எங்கோ தலைக்கு மேலே ஹெலிகாப்டர் நிற்கிற மாதிரி. ஏப்ரல் மாதச் சென்னையில் ஃபேனை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் மாடி ரூமில் படம் எடுத்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். மைக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம், மோட்டார் பல்சக்கரம் அரைபடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

இத்தனை சரிபண்ணி, முதல் முழுச் சுற்றை டிவியில் போட்டுக் காட்டியது மாமாவுக்கு. மனைவியின் அப்பா, ஈரோட்டில் லோகோ பைலட்டாக இருந்து ரிடையர் ஆனவர். நான் பெருமையாக ரிமோட்டை அழுத்தினேன். பாலம் வந்தது, போயிற்று. ஒன்பது கண்ணில் ஒரு கண்கூடத் தெரியவில்லை! கைப்பிடிச் சுவரும் அதற்கப்பால் வெறும் வெளியும்தான். யோசித்தால் நிஜத்திலும் அப்படித்தான், அந்தப் பதிமூன்று கண்ணும் ரோட்டில் நின்று பார்க்கிறவனுக்குத்தான், ரயிலை ஓட்டுகிறவனுக்கு இல்லை. பாலத்துக்குப் பதிலாக நன்றாகத் தெரிந்தது எங்கள் பீரோவும், கொடியில் காய்ந்த துண்டும், ஒரு வளைவில் லுங்கி கட்டிய என் தொப்பையும்.

மாமா அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. "ஏன் மாப்ள, மலைப்பாதையில 120-ல போறீங்க?" என்றார். பிறகு ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன், ஒரு மீட்டர் கடக்க இரண்டரை நொடி, 87-ஆல் பெருக்கினால் மணிக்கு 125 கிலோமீட்டர். மனுஷன் கண்ணாலேயே சொல்லிவிட்டார். 30 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்றால் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர்கூடப் போகக் கூடாது.

"பாதை என்ன மீட்டர்கேஜா, குறுகலா இருக்கே" என்பது அடுத்தது. எச்.ஓ தண்டவாளம் 16.5 மி.மீ அகலம், அது வெளிநாட்டு 1435 மி.மீ பாதையின் அளவு. நம் அகலப்பாதை 1676 மி.மீ, அதற்கு 19 மி.மீ-க்கு மேல் வேண்டும். மேலே நின்று பார்த்த ஒருவர்கூட இதுவரை சொன்னதில்லை. சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கோணத்தில் வைத்ததும் முப்பது வருஷம் அந்த அகலத்தையே பார்த்த கண்ணுக்கு உடனே பட்டுவிட்டது. இதை நான் மாற்றப் போவதில்லை, மொத்தத் தண்டவாளத்தையும் பிடுங்க வேண்டும்.

"சிக்னல் எங்க மாப்ள?"

"இருக்கு மாமா, ஸ்டேஷனுக்கு முன்னாடி, வலது பக்கம்."

"அது ஏன் வலது பக்கம்? நான் இடது பக்கம்ல உக்காந்திருக்கேன்."

பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி நட்டிருந்தேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்த முறை சிக்னல் தூரத்தில் தெரிந்ததுமே கை தானாக மேலே போயிற்று, விரலை நீட்டி "ஹோம் சிக்னல், ரெட்" என்று வாய்விட்டே சொன்னார், பக்கத்தில் அசிஸ்டென்ட் இருக்கிற மாதிரி. ரயில் அந்தச் சிவப்பைத் தாண்டிக்கொண்டு போயிற்று, ஏனென்றால் என் சிக்னல் எப்போதும் சிவப்புதான், ஒயரே கொடுக்கவில்லை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத முடியாது. சிவப்பைத் தாண்டினால் அவர் வேலையில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆக, வாங்கலாமா? லென்ஸைத் திருகவும், செல் வைத்துச் சால்டர் பண்ணவும் கை வரும் என்றால் வாங்குங்கள், இந்த விலைக்கு இதுவே அதிகம். பெட்டியைப் பிரித்ததும் வேகனில் ஒட்டி ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் வேண்டாம், ரெண்டே நாளில் அலமாரிக்குப் போய்விடும். எச்.ஓ-வில் பாதி அளவுக்குப் பக்கமான, 160-ல் ஒரு பங்கு 'N' ஸ்கேல்காரர்களுக்கு இதுவே பெரிசு, லென்ஸ் மட்டும் தனியாக ஒயரில் நீண்டு வருகிற வகையைத் தேடுங்கள்.

நான் லென்ஸை நடுவிலிருந்து ஒன்பது மி.மீ இடது பக்கம் நகர்த்திவிட்டேன். சிக்னலையும் பிடுங்கி இடது பக்கம் நட்டு, ஒயர் கொடுத்து, மஞ்சளும் பச்சையும் எரிய வைத்தாயிற்று. சுரங்கத்துக்கு முன்னால் மஞ்சள் விசில் போர்டு ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறார், ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார். பீரோவை மறைக்க ஒரு நீல வேட்டி கிடைக்குமா என்று தேட வேண்டும்.