லூசிஃபர் காமிக்ஸ்: முடிந்த கதைக்குப் பின் வந்த இரண்டு தொடர்கள்

மைக் கேரி எழுதிய 'லூசிஃபர்' 2000இல் தொடங்கி, 75 இதழ்கள் ஓடி, 2006இல் முடிந்தது. விற்பனை சரிந்து பாதியில் நின்ற கதை இல்லை இது. எங்கே முடிய வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்துதான் முடிந்தது. நரகத்தை மூடிவிட்டு லாஸ் ஏஞ்சலஸில் 'லக்ஸ்' என்ற பாரில் பியானோ வாசிக்கும் வீழ்ந்த தேவதூதன், தன்னைப் படைத்தவனின் திட்டத்துக்குள் எந்த வகையிலும் அடங்க மாட்டேன் என்று நிற்பதுதான் மொத்தக் கதையும். அப்படிப்பட்டவனை மறுபடி கூட்டிவந்தால், அவன் வருவதற்கு அவனுக்கே உரிய காரணம் இருக்க வேண்டும். பின்னால் வந்த இரண்டு தொடர்களும் தேறுவதும் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

முதலில் வாங்குவதில் உள்ள குழப்பம். மூன்று தொடர்களுக்கும் பெயர் 'லூசிஃபர்'தான், மூன்றிலும் 'தொகுதி 1' உண்டு. அட்டையில் கதாசிரியர் பெயரைப் பார்க்காமல் எடுத்தால் நடுக்கதையில் போய் விழுவீர்கள். மைக் கேரி என்றால் மூலம். ஹாலி பிளாக் என்றால் 2015. டான் வாட்டர்ஸ் என்றால் 2018. முத்திரையை நம்ப வேண்டாம். வெர்டிகோ என்ற பதிப்பு முத்திரையை டிசி நிறுவனம் அந்தச் சமயத்தில் நிறுத்தியதால், வாட்டர்ஸ் தொடருக்குள்ளேயே முத்திரை மாறுகிறது.

மூலத்துக்கு முன்னால், இந்த லூசிஃபர் பிறந்த தொடரான 'சாண்ட்மேன்' 21 முதல் 28 வரையிலான இதழ்கள் போதும். நரகத்தின் சாவியை லூசிஃபர் ஏன் கொடுத்துவிட்டான், சிறகை ஏன் வெட்டச் சொன்னான் என்பது அங்கே இருக்கிறது. அடுத்து 1999இல் வந்த மூன்று இதழ் குறுந்தொடர். பலரும் இதை முன்னோட்டம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள், தாண்டக் கூடாது. சொர்க்கத்துக்காகச் செய்த ஒரு வேலைக்குக் கூலியாக லூசிஃபர் வாங்கும் அனுமதிக் கடிதம் இதில்தான் வருகிறது. படைப்பை விட்டு வெளியேறும் வாசல் அந்தக் கடிதத்திலிருந்துதான் திறக்கிறது. முதல் சாதா அட்டைத் தொகுதியில் இந்தக் குறுந்தொடரும் சேர்ந்தே இருக்கிறது. சாதா அட்டையில் மொத்தம் 11 தொகுதிகள், பெரிய தொகுப்பில் 5, ஆம்னிபஸ் என்ற தடித்த தொகுப்பில் 2. ஆம்னிபஸ் கனம் அதிகம், மேசைமேல் வைத்துத்தான் படிக்க முடியும். 5 தொகுதிப் பதிப்பு கைக்கும் கண்ணுக்கும் தோதானது.

கேரியிடம் இருந்த நுணுக்கத்துக்கு, லூசிஃபரின் துணையாக வரும் அரக்கி மாஸிகீன் ஒருத்தி போதும். பாதி முகம் சதையற்றுப்போனவள் என்பதால் ஆரம்ப இதழ்களில் அவள் பேச்சு குழறலாகவே எழுத்தில் வருகிறது. புரியவில்லை என்று தாண்டாமல் வாய்விட்டு மெதுவாகப் படித்தால் சொற்கள் பிரிந்துவிடும். பிறகு அவள் முகம் முழுமையாக்கப்படுகிறது, பேச்சும் தெளிகிறது. அவளோ அதை வரமாக ஏற்கவில்லை, கேட்காமல் செய்த அவமதிப்பாகக் கொதிக்கிறாள். லூசிஃபருக்குச் சொர்க்கத்தோடு உள்ள வழக்கும் இதேதான். ஒரு பக்கக் கதாபாத்திரத்தின் தாடையில் மையக் கருத்தைப் பொதித்துவைக்கும் எழுத்து இது. தொடர வருபவர்கள் எட்ட வேண்டிய உயரமும் இதுதான்.

ஹாலி பிளாக்கின் தொடர் 2015 டிசம்பரில் தொடங்கியது. கடவுள் இறந்துகிடக்கிறார், பழி லூசிஃபர்மேல், விசாரிக்க வருபவன் காப்ரியேல். மார்பில் காயத்தோடு லூசிஃபர் திரும்புகிறான். துப்பறியும் கதை என்பதால் புதியவர்கள் தடுமாறாமல் உள்ளே வரலாம். முதல் 6 இதழ்களும் விறுவிறுவென்று நகர்கின்றன. லீ கார்பெட்டின் கோடுகள் சுத்தம், முகபாவங்கள் அருமை. குறை வேறிடத்தில். மூலத்தில் லூசிஃபர் மற்றவர்களை நகர்த்துவான். இங்கே பழி அவனை நகர்த்துகிறது. தன்மேல் விழுந்த பழியைத் துடைக்க ஓடுபவன் சட்டென்று சின்னவனாகிவிடுகிறான். 13ஆம் இதழிலிருந்து ரிச்சர்ட் காட்ரே எழுதுகிறார். ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது. 19 இதழ்களில் முடிகிறது. முதல் தொகுதியை மட்டும் வாங்கினால் போதும். கொலை மர்மம் அதிலேயே அவிழ்ந்துவிடும். கேரியின் தொடரில் முக்கியப் பாத்திரமான எலைன் பெல்லாக் என்ற சிறுமியின் கதை என்ன ஆகிறது என்று பார்க்க இதை வாங்காதீர்கள், மையம் அவளில்லை.

டான் வாட்டர்ஸின் 24 இதழ்கள்தான் உண்மையான வாரிசு. இங்கே லூசிஃபர் பார்வையிழந்த கிழவன், வெளியேற முடியாத ஊரில் மாட்டியிருக்கிறான். எல்லாம் பறிபோன பிறகும் அந்தத் திமிர் மட்டும் அப்படியே. மகன் காலிபானைத் தேடியதால் வந்த வினை இது. அதாவது, அவனை இங்கே கொண்டுவந்தது அவன் விருப்பமே. தான் வெறுத்த தகப்பனின் இடத்தில் தானே நிற்க வேண்டிய கட்டாயம். கேரி விட்ட இடத்திலிருந்து கேட்கத்தக்க அடுத்த கேள்வி இதைவிட வேறில்லை.

ஆனால் முதல் தொகுதி எளிதில் பிடிபடாது. சிறைப்பட்ட ஊர், அதற்கு முந்தைய காலம், ஜான் டெக்கர் என்ற போலீஸ்காரனின் கதை மூன்றும் அறிவிப்பில்லாமல் மாறிமாறி வரும். நாளுக்கு ஓர் இதழ் என்று படித்தால் நூல் அறுந்துவிடும். 6 இதழ்களையும் ஒரே அமர்வில் முடித்துவிட்டு, முதல் இதழை மட்டும் திரும்பப் புரட்டுங்கள். உளறலாகத் தோன்றிய வசனங்கள் பொருள் கொள்ளும். ஃபியுமாரா சகோதரர்களின் ஓவியத்தில் கறுப்பு அடர்த்தி அதிகம். ஃபோன் திரையில் இருட்டுக்குள் இருக்கும் உருவங்கள் கரைந்துபோகும்; அச்சுப் பிரதியோ பெரிய டேப்லெட்டோ தேவை.

2016இல் வந்த டிவி தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு: போலீஸுக்கு உதவும் அந்தக் குறும்புக்காரன் கேரியின் பக்கங்களில் இல்லை. கேரியின் முதல் இரண்டு சாதா அட்டைத் தொகுதிகளை வாங்கிப் படியுங்கள், 13ஆம் இதழ் வரை வந்துவிடும். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் மீதித் தொகுதிகளும் பிடிக்காது. பிடித்துவிட்டால் 75ஆம் இதழ்வரை போய், நேரே வாட்டர்ஸுக்குத் தாவலாம். பிளாக்கைப் படிக்காததால் கதையில் எதுவும் விட்டுப்போகாது.